இருபத்து நான்கு பேருக்கான மொட்டைமாடி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மேகக்கா என்று பெயர் விழுந்ததற்குக் காரணம் ஒரு படுக்கை விரிப்பு. உலர்த்தும் எந்திரத்திலிருந்து சூடு ஆறாமல் வரும் விரிப்பை இருவர் எதிரெதிரே நின்று முனை பிடித்து, ஒருமுறை உதறி, பிறகு மடிக்க வேண்டும். உதறியதும் அது நடுவில் காற்றை விழுங்கி உப்பி எழும். ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அப்புறம் மனமில்லாமல் அமரும். மற்றவர்கள் அந்தக் கணத்திலேயே அடுத்த விரிப்புக்குக் கை நீட்டிவிடுவார்கள். அவள் மட்டும் அது அமர்ந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அக்கா மேகத்துல இருக்காங்க. இறங்கி வந்ததும் சொல்லுங்க, மடிக்கலாம்" என்று எதிர்முனையைப் பிடித்திருந்தவள் ஒருநாள் சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது.

பொருத்தமான பெயர்தான். சலவைக்கூடத்தின் பின்பக்க ஜன்னலில் பிற்பகல் மேகங்கள் தெரியும். மேலே குமிழ் குமிழாகப் பொங்கிக் கிடக்கும் மேகம், அடியில் மட்டும் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருப்பது ஏன் என்ற கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. யார் அதற்கு இஸ்திரி போட்டது? கணவரிடம் கேட்டாள். அவர் பல்கலைக்கழகப் பேருந்தின் ஓட்டுநர். கண் எப்போதும் சாலையில். "மேல பாத்துக்கிட்டே ஓட்டினா நாம எல்லாருமே மேல போயிருவோம்மா" என்றார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகளிடம் கேட்டாள். "தட்டையா இருந்தா உனக்கென்னம்மா, நீயா போய் அதுல உக்காரப் போற?" என்றாள் மகள்.

பல்கலைக்கழகத்தின் மாலைநேரப் பட்டப்படிப்பில் 'வானமும் வானிலையும்' என்று ஒரு பாடம் இருப்பது பிறகுதான் தெரிந்தது. அதை மட்டும் படிக்க முடியுமா என்று விசாரித்தாள். முடியாது, பட்டப்படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தாள். அதற்கு முன் இயற்பியல் தேற வேண்டும் என்றார்கள். இயற்பியலுக்கு முன் கணிதம் என்றார்கள். மூக்குத்தி வாங்கப் போனவள் நகைக்கடையிலேயே வேலைக்குச் சேர்ந்த கதையாக, பொருளாதாரம், வரலாறு, புள்ளியியல் என்று ஒவ்வொரு வாசலாகக் கடந்தாள். கணிதம் அவளை ஒருமுறை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. மறுமுறை உள்ளே விட்டது. கடைசியில் வானத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே இடம் நிரம்பிவிட்டது என்று பலகை தொங்கியது. அடுத்த ஆண்டும் அதே பலகை.

அந்தப் பாடத்தில் இடம் குறைவாக இருந்ததற்கு யாருடைய கஞ்சத்தனமும் காரணமல்ல. வகுப்பில் பாதி, உச்சி மாடியில் உள்ள அறையில் நடக்கும். மீதி, அறையை ஒட்டிய மொட்டைமாடியில், காற்றுமானிக்கும் மழைமானிக்கும் நடுவே. கட்டிடம் பழையது. மாடிக் கதவில் பொறியாளர் ஒரு பலகை அறைந்திருந்தார்: மாணவர் இருபத்து நான்கு பேர், ஆசிரியர் ஒருவர், அதற்கு மேல் ஒரு பூனைகூடக் கூடாது. பூனை என்ற சொல்லைப் பின்னால் யாரோ மாணவர் சேர்த்திருந்தாலும், எண்ணில் மாற்றமில்லை. 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க' என்ற உலகப் பொதுமொழி செல்லாத ஒரே இடம் அது.

அந்த வாசலுக்கு வந்த மூன்றாம் ஆண்டே அவளுக்குக் கடைசி ஆண்டு. குறித்த காலத்துக்குள் பட்டத்தை முடிக்காதவர்களின் பெயர் பதிவிலிருந்து நீங்கிவிடும் என்பது விதி. அவளுக்கு மீதமிருந்தது ஓர் அறிவியல் பாடம் மட்டுமே; மாலையில் நடக்கும் அறிவியல் பாடம் அது ஒன்றுதான். முழுநேர மாணவர்களும் பல்கலைக்கழக ஊழியர்களும் முதலில் பதிவு செய்துகொண்டார்கள். மாலைநேரத்தவரின் முறை வந்தபோது, அவளுக்குக் கிடைத்தது காத்திருப்போர் வரிசையில் மூன்றாவது இடம்.

அன்று மாலை அவள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்க, கணவர் சீருடையைக்கூடக் கழற்றாமல் நிலையில் சாய்ந்து நின்றார். முகத்தில் திருட்டுச் சிரிப்பு.

"கவலைப்படாத. நான் துண்டு போட்டுட்டேன்."

"எங்க?"

"உன் மேக வகுப்புலதான். ஊழியர் வருஷத்துக்கு ஒரு பாடம் படிக்கலாம்னு விதி இருக்கே. முதல் நாளே போய் என் பேரைப் பதிஞ்சுட்டேன். நீ போய் உக்காந்துக்க, நான் எழுந்துக்கறேன். முடிஞ்சுது கதை."

மகள் கையிலிருந்த தட்டை அப்படியே மேடைமேல் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா! அது பஸ் சீட்டாப்பா? ஜன்னல் வழியா துண்டை எறிஞ்சு இடம் பிடிக்க?"

"சீட்டுன்னா எல்லாம் சீட்டுதான்."

மறுநாள் பதிவு ஜன்னலில் இருந்த அலுவலர் அம்மாள் அதை வேறுவிதமாகச் சொன்னாள். எந்தக் காலத்திலும் சால்வையைக் கழற்றாத பெண்மணி அவள். விதிகளைக் குழந்தைக்குச் சோறூட்டுவதுபோலப் பொறுமையாக ஊட்டுவாள். "சார், நீங்க எழுந்தா அந்த இடம் உங்க வீட்டம்மாவுக்குப் போகாது. வரிசையில முதல்ல நிக்கறவருக்குப் போகும். உங்க வீட்டம்மா மூணாவது."

"அப்ப நான் எழுந்திரிக்காம இருந்தா?"

"இருங்க. முன்னாடி ரெண்டு பேரும் இடம் கிடைச்சோ, வேண்டாம்னோ போயிட்டா, உங்க வீட்டம்மா முதல் ஆளு. அப்ப எழுந்திருங்க. ஆனா பதிஞ்சவங்க வகுப்புக்கு வராம இருந்தா பேரை அடிச்சிருவோம். காத்திருக்கிறவங்களும் வந்து உள்ள உக்காரலாம், மாடிக்கு மட்டும் போகக் கூடாது. மூணாவது வாரம் வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு ஜன்னலை மூடினா மூடினதுதான்."

இவ்வாறாக, படிப்பென்றால் பத்தடி தள்ளி நிற்கும் ஒருவர், மனைவியின் இடத்தைக் காப்பதற்காக மாலைப்பணியை மாற்றிக்கொண்டு, சீருடையோடு வகுப்பில் போய் அமர வேண்டியதாயிற்று. பேராசிரியை எப்போதும் சளி பிடித்த குரலில் பேசுபவர். இந்தப் பாடத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். ஓட்டுநரின் முறை வந்தது.

"என் சம்சாரத்துக்கு இடம் பிடிக்க வந்தேங்க. அதோ, சுவரோரம் உக்காந்திருக்கு."

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. மேகக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பேராசிரியை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பிடிங்க, பிடிங்க. ஆனா இடம் பிடிக்கிறவங்களும் வானத்தைப் பாத்துத்தான் ஆகணும்" என்றார்.

ஓட்டுநர் பார்த்தார். அதில்தான் வினை வந்தது.

அறைக்கும் மாடிக்கும் இடையே அகலமான கண்ணாடிக் கதவு. முதல் பாதி முடிந்ததும் இருபத்து நான்கு பேரும் வெளியே போவார்கள், கதவு சாத்தப்படும், காத்திருப்போர் உள்ளே இருப்பார்கள். அந்தி ஒளியில் கண்ணாடி பொன்னாகிவிடும். அதற்கப்பால் பேராசிரியையின் கை எழுவதும், எல்லா முகங்களும் ஒரே திசையில் திரும்புவதும் தெரியும். சொல் எதுவும் கேட்காது. தண்ணீருக்கடியில் இருந்துகொண்டு கரையைப் பார்ப்பதுபோல மேகக்கா பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த உருவங்களின் நடுவே காக்கிச் சட்டை ஒன்று. முதல் வாரம் அது கைகட்டி நின்றது. இரண்டாம் வாரம் கட்டிய கை அவிழ்ந்தது. பிறகு ஒருநாள், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, அண்ணாந்து நின்றது. திருமணமாகி இத்தனை காலத்தில் அவள் அந்த முகத்தைத் தூங்கும்போதுகூட அவ்வளவு தளர்ந்து கண்டதில்லை.

இதற்கிடையே வரிசை நகர்ந்தது. மாணவர் ஒருவர் வேறு ஊருக்குப் போனதில் முதலாமவருக்கு இடம் கிடைத்தது. இரண்டாமவளுக்கு வேலைநேரம் மாறியதால் அவளே விலகிக்கொண்டாள். மேகக்கா முதல் ஆளானாள். இனிக் கணவர் எழுந்தால் போதும்.

கணவர் எழவில்லை.

"ஜன்னல்ல கூட்டம்" என்றார் ஒருநாள். "டீசல் போட நேரமாயிருச்சு" என்றார் மறுநாள். கேட்காமலே காரணம் சொன்னார். அதுதான் அவளை உறுத்தியது. காலையில் பல் துலக்கியவாறே ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, "கீற்று மேகம்" என்று நுரையோடு முணுமுணுத்தார்.

"துண்டு போட்டவரு துண்டுலயே படுத்துட்டாரும்மா. எழுப்பி விடு" என்றாள் மகள்.

"தானா எழுந்திரிப்பாரு."

"எழுந்திரிக்கலைன்னா? இத்தனை வருஷம் படிச்சது?"

மேகக்கா தனக்கு வேண்டியதைக் கணவரிடம் வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லாதவள். கேட்டு வாங்கிய சோறு தொண்டையில் இறங்காது என்பது அவள் கொள்கை.

மூன்றாம் வாரத்தின் வகுப்பு முடிந்து இருவரும் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வேறொருவர் ஓட்ட, தாம் பயணியாக ஜன்னலோரம் அமர்ந்திருப்பது அவருக்குப் புதிது. தலையைக் கண்ணாடியில் சாய்த்து மேலே பார்த்தவாறே வந்தார். வீடுகளின் விளிம்புக்கு மேலே, அடி தட்டையான மேகங்கள் வரிசையாகக் கப்பல்களைப்போல நின்றுகொண்டிருந்தன.

"உன் இஸ்திரி விஷயம் இன்னிக்கு வந்துச்சு" என்றார்.

அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்கு அப்பால், காற்றில், அவள் காதில் விழாமல் அது சொல்லப்பட்டிருக்கிறது.

"என்ன சொன்னாங்க?"

"தரையிலேர்ந்து ஈரக்காத்து மேல போய்க்கிட்டே இருக்குமாம். கண்ணுக்குத் தெரியாது. போகப் போகக் குளுரும். ஒரு உயரம் வந்ததும் துளித் துளியா மாறிடும், அப்பதான் நம்ம கண்ணுக்குத் தெரியும். அக்கம்பக்கத்துக் காத்து எல்லாத்துக்கும் அதே உயரம்தான். இப்படி வெச்சுக்க: எல்லாப் பயலும் ஒரே ஸ்டாப்புலதான் ஏறுறான். அந்த ஸ்டாப்புதான் தட்டை. ஏறினப்புறம் எவன் எங்க போய் உக்காருறான்ங்கறது அவனவன் இஷ்டம். அதான் மேல கோணல்மாணல்."

அவளுக்குக் கேள்வி இறங்கிப்போன இடம் மனத்தில் காலியாக, குளிர்ச்சியாக இருந்தது. பதில் அழகாக இருந்தது. தன் காதால் நேரே கேட்கவில்லையே என்ற வலியும் இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக அவளை அசைத்தது, சொல்லி முடித்ததும் அவர் மீண்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட வேகம். தனக்கென்று ஒரு சட்டைத்துணிகூடத் தேர்ந்தெடுக்காத மனிதர்.

வெள்ளிக்கிழமை சலவைக்கூடத்தில் விரிப்புகள் எழுந்து எழுந்து அமர்ந்தன. எதிர்முனைக்காரி, "அக்கா, இன்னிக்கு ரொம்ப உயரத்துல இருக்கீங்க" என்றாள். மேகக்கா கடைசி விரிப்பை மடித்து வைத்துவிட்டு, சீக்கிரம் போக அனுமதி கேட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு நடந்தாள். தூக்கத்தில் நடப்பதுபோலத்தான் நடந்தாள். ஆனால் முடிவு தெளிவாக இருந்தது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, பட்டம் ஒரு காகிதம், அவர் நிற்கட்டும்.

பதிவு ஜன்னலில் ஆளில்லை. "என் பேரை வரிசையிலேர்ந்து எடுத்திருங்கம்மா" என்றாள்.

அலுவலர் அம்மாள் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் வாய் திறக்கும் முன் வெளியே ஒரு பேருந்து கிறீச்சிட்டு நின்றது. நிறுத்தமே இல்லாத இடம் அது. "அண்ணே, இங்க யாருண்ணே ஏறப் போறாங்க?" என்று உள்ளிருந்து ஒரு குரல். "ஒரு நிமிஷம்ப்பா, குடும்ப விஷயம்!" என்று கத்திக்கொண்டே காக்கிச் சட்டை படியேறி ஓடி வந்தது.

"என் பேரை அடிச்சிருங்கம்மா" என்று மூச்சு வாங்கினார். பிறகுதான் பக்கத்தில் நிற்பது யாரென்று பார்த்தார்.

அலுவலர் அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா இருக்கு. ரெண்டு பேரும் விலகினா, நேத்து வந்து பேர் குடுத்துட்டுப் போன ஒரு பையன் வரிசையில இருக்கான். இடம் அவனுக்கு. அவனுக்கு மேகம்னா என்னன்னுகூடத் தெரியாது. யாராவது ஒருத்தர் மட்டும் விலகுங்க. மணி அஞ்சாகப் போகுது."

"நீங்க ஏன் வந்தீங்க?" என்றாள் மேகக்கா.

"இழுத்தடிச்சது தப்புதான்மா." அவர் தொப்பியை எடுத்துத் திருகினார். "எழுந்திரிக்கணும்னுதான் தினமும் நெனச்சேன். மேல போய் நின்னா கால் நகர மாட்டேங்குது. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவைன்னு… சரி, நீ ஏன் வந்த?"

"எனக்குத்தான் பதில் கிடைச்சிருச்சே. நீங்க நில்லுங்க."

"பதிலைச் சொன்னவன் நான். அந்தப் பாடத்துல உனக்கு இன்னும் எத்தனை கேள்வி வரும்னு எனக்குத் தெரியும். எனக்கு வராது. எனக்குச் சொன்னதைக் கேக்கத்தான் தெரியும்." குரல் தாழ்ந்தது. "எனக்கு அடுத்த வருஷமும் ஊழியர் பதிவு நாள் வரும். உனக்கு அடுத்த வருஷம் கிடையாதுல்ல?"

விதி அவர் பக்கம் இருந்தது. வெளியே ஒலிப்பானை யாரோ நீளமாக அமுக்கினார்கள்.

"லேடீஸ் சீட்டுல உக்காந்துட்டேன்மா, தெரியாம" என்றார் அவர், அலுவலர் அம்மாளிடம். "எழுந்துட்டேன். அவங்களை உக்காரச் சொல்லுங்க."

அடுத்த வகுப்பில் கண்ணாடிக் கதவு அவளுக்காகத் திறந்தது. வெளியே காற்று அவள் எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. விரிப்பை உதறும்போது முகத்தில் படுமே, அந்தக் காற்று, ஆனால் முடிவே இல்லாமல். இருபத்து நான்கில் ஒருத்தியாகக் கைப்பிடிச் சுவரோரம் நின்றாள். ஏதாவது கேள்வி உண்டா என்று பேராசிரியை கேட்பதற்கு முன்பே அவளிடம் ஒரு கேள்வி இருந்தது: அந்தத் தட்டையான அடி, மழைநாளில் ஏன் தாழ்ந்து இறங்கி வருகிறது? கேட்டாள். பேராசிரியை கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் வந்தார். கீழே, நிறுத்தத்தில், பேருந்தின் கூரை தெரிந்தது. ஓட்டுநர் பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு தலை வெளியே நீண்டு, மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அவளையா, அதற்கும் மேலேயா என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை.

பட்டமளிப்பு நாளில் எடுத்த புகைப்படம் இன்றும் குடும்பத்தில் இருக்கிறது. நடுவில் அங்கியோடு மேகக்கா, இடப்பக்கம் மகள், வலப்பக்கம் அவர். "அண்ணே, இங்க பாருங்கண்ணே, இங்க" என்று புகைப்படக்காரர் கெஞ்சியதும், மகள் விலாவில் இடித்ததும் பலனளிக்கவில்லை. மறு ஆண்டுக்கான ஊழியர் பதிவு அன்று காலையில்தான் திறந்திருந்தது. முதல் ஆளாகப் போய், இம்முறை தமக்கென்றே பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தார். படத்தில் அவர் அண்ணாந்து நிற்கிறார். அவர் எதைப் பார்க்கிறார் என்பது படத்தில் இல்லை. ஆனால் அதன் நிழல் மேகக்காவின் அங்கியில் பாதி வரை படர்ந்திருக்கிறது.