நீலப் பெயிண்டுக்குள் கோட்டை

முப்பிடாதியம்மாள் வீட்டில் மூன்று சுவர்தான் அவள் புருஷன் எழுப்பியது. நான்காவது, தாராவி காலா கில்லாவின் சுவர். மித்தி ஆற்றங்கரையைக் காவல் காக்க வெள்ளைக்காரன் கட்டிய கருங்கல் கோட்டை அது. உள்ளே போக வாசல் கிடையாது. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும்.

கோட்டையை ஒட்டிய வீடுகளை இடிக்கப்போகிறார்கள் என்று யாரோ சொன்ன அன்றே அவள் கல்லின் மேல் சிமெண்டு பூசி, நீலப் பெயிண்ட் அடித்து, காலண்டரையும் மாட்டிவிட்டாள். அதன்பின் யார் கோட்டையைப் பற்றிக் கேட்டாலும், "எந்தக் கோட்டை?" என்பாள். கேமராவோடு வருகிறவன் முனிசிபாலிட்டி ஆள். நோட்டோடு வருகிறவன் பில்டர் ஆள். சும்மா வருகிறவன் இருவருக்கும் உளவாளி.

கோட்டையின் வரலாறு எழுதவென்று கல்லூரியிலிருந்து வந்த அஃப்ஷாவுக்கும் அதே வரவேற்புதான். பக்கத்துச் சந்துப் பெண், கடையநல்லூர்க்காரி என்று தெரிந்தும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவள் போனில் நீட்டிய பழைய படத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் சர்வேக்காரர் வந்தார். 2000-க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் இருந்தால்தான் மாற்று வீடு. ரேஷன் கார்டோ பெருவெள்ளத்தில் போயிருந்தது. முப்பிடாதியம்மாள் வேறு வழியில்லாமல் அந்தப் பழைய படத்துக்காக அஃப்ஷாவைத் தேடிப் போனாள்.

அது அஃப்ஷாவின் பேராசிரியர் 1991-இல் எடுத்த படம். கருங்கல் சுவரில் ஓர் இரும்பு வளையம். அதில் கட்டிய தொட்டில். பக்கத்தில் அடுப்பு ஊதும் இளவயது முப்பிடாதி.

மறுபடி வந்த சர்வேக்காரர், அஃப்ஷா போனில் காட்டிய படத்தையும் நீலச் சுவரையும் மாறி மாறிப் பார்த்து, இது வேறு வீடு என்றார்.

கல்லைக் காட்டினால் கோட்டையென்று இடிப்பார்கள். காட்டாவிட்டால் மாற்று வீடில்லை. சர்வேக்காரரும் அஃப்ஷாவும் பேசி வைத்துக்கொண்டு வந்திருப்பார்களோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. கடைசியில் காலண்டரைக் கழற்றினாள். சுத்தியலை அவளே எடுத்தாள். ஒரு தட்டு அகலத்துக்குக் கொத்தியதும் வளையம் தெரிந்தது. அதற்கு மேல் ஒரு சில்லுகூட விழ விடவில்லை. சர்வேக்காரர் பெயரைப் பட்டியலில் ஏற்றிக்கொண்டு போனார்.

"ஒங்கிட்ட இருக்க படத்த இப்பமே அழிச்சிரு, என் கண்ணு முன்னால," என்றாள் அஃப்ஷாவிடம்.

"சரி பெரியம்மா. ஒரு தடவ நல்லாப் பாத்துக்கிடுங்க," என்று அஃப்ஷா படத்தைப் பெரிதாக்கினாள்.

தொட்டில் துணிக்கு வெளியே ஒரு சின்னக் கால். அவள் மகன் மாரீஸ்வரன். இரண்டு வயதில் போனவன். அவனுக்கு வேறு படமே எடுக்கவில்லை.

"இரு, அழிக்காத," என்றாள் முப்பிடாதியம்மாள். "எனக்கு ஒண்ணு போட்டுக் குடு. ஒங்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும். எங்கிட்ட எல்லாம் வெள்ளத்துல போயிருது."