முகவரி கேட்காத விதி

பாலியல் தொழிலாளர்களுக்குக் குடும்ப அட்டை வழங்கும்போது அடையாளச் சான்றையோ வசிப்பிடச் சான்றையோ வற்புறுத்தக் கூடாது. அவர்கள் யார், என்ன செய்கிறார்கள் என்பது வெளியே கசியவும் கூடாது. மாநில அரசுகளுக்கு உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின் சாரம் இது. நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில், மகள் வீட்டுக் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டே இதை அடுத்த மனுவுக்காக மனதில் வாக்கியமாக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஜேனட் தன் தொழில் என்னவென்று சொன்னார். நான் வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவன் என்று சொல்லிவிட்டு, நீங்கள் என்று கேட்டிருந்தேன். பாலியல் தொழில், இரண்டு தோழிகளோடு சேர்ந்து இந்த வீட்டிலேயே, வரி ஒழுங்காகக் கட்டுகிறோம் என்றார். இன்று காற்று அதிகம் என்பதைச் சொல்லும் அதே குரல். அந்த வாசலில் வந்து நின்ற கார்களைப் பார்த்து, உறவினர்கள் இத்தனை பாசமாக வந்துபோகும் வீடு இந்த நாட்டிலும் உண்டே என்று நான் வியந்திருந்தேன்.

என் வாயில் வந்த அடுத்த கேள்வி, லைசென்ஸ் யார் தருகிறார்கள் என்பது. பழக்க தோஷம். அவர் முகம் மாறிவிட்டது. "கார் நிறுத்துவதில் உங்களுக்குத் தொந்தரவா? நான் சொல்லிவைக்கிறேன்" என்றார். புகார் கொடுக்கக் கிளம்பிவிட்ட கிழவன் என்று நினைத்துவிட்டார். இல்லையம்மா, நடைமுறை தெரிந்துகொள்ளத்தான் என்று விளக்கினேன். நான்கு பேருக்கு மிகாமல், யாருக்கும் யாரும் முதலாளியாக இல்லாமல் நடத்தினால் இங்கே அதற்குச் சான்றிதழே தேவையில்லையாம். சான்றிதழே தேவைப்படாத தொழில் ஒன்றைப் பற்றி அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

விருத்தாசலத்தில் என்னிடம் குடும்ப அட்டைக்கு மனு எழுதிக்கொள்ள வந்த அஞ்சலைக்கோ எல்லாச் சான்றிதழும் தேவைப்பட்டது. பீங்கான் கம்பெனியில் அச்சில் மண்கூழ் ஊற்றிப் பொம்மை வார்ப்பவர். மழைக்காலத்தில் பொம்மை காயாது. வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். மற்றத் தொழில் அப்படித்தான் தொடங்கியது என்று, சுற்றி வளைக்காமல் சொன்னார். கணவன் கம்மாபுரம் பக்கம் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். பழைய அட்டை அவர் பெயரில். ஜங்ஷன் பக்கம் வாடகைக்கு இருக்கும் அறைக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடத் தர வீட்டுக்காரர் தயாராக இல்லை. அவர் கோழையல்ல, சட்டம் படித்தவர் யாரையோ கேட்டிருக்கிறார். தன் உடலைத் தானே விற்பது நம் சட்டத்தில் குற்றமில்லை. அதற்குத் தெரிந்தே இடம் கொடுப்பது குற்றம், பொது இடத்தில் அழைப்பது குற்றம், அந்த வருமானத்தில் தெரிந்தே வாழும் பதினெட்டு வயது கடந்தவரும் குற்றவாளி. இதை நான் விளக்கியபோது அஞ்சலை கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"எம்மவனுக்கு வர்ற வருஷம் பதினெட்டு முடியுதுங்க. எஞ்சோத்தத் தின்னா அவன் மேல கேசாங்கய்யா?"

அதற்கு நடைமுறையில் என்ன பதில், சட்டத்தில் என்ன பதில் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு மனுவை எழுதினேன்.

அட்டை வந்தால் அரிசி வரும். அதைவிட, அந்த ஊரில் அவர் இருக்கிறார் என்பதற்கு அரசாங்கமே சாட்சியாகும். மகள் என்னை இங்கே அழைத்துக்கொண்ட பிறகும் நினைவூட்டல்கள் அனுப்பிக்கொண்டே இருந்தேன். அங்கே வட்ட வழங்கல் அலுவலகத்தில் அவர் கோப்பைக் கையில் வைத்திருந்தவர் கலியபெருமாள், என்னிடம் வேலை பழகியவர். ஒருநாள் போனில் பிடித்தேன்.

"சார், நியூசிலாந்து போயும் மனுவா? நாலு மாட்டப் புடிச்சி மேய்ச்சிகிட்டு நிம்மதியா இருக்கலாமில்ல?"

"மாடுங்களுக்கு இங்க எல்லா ஆவணமும் சரியா இருக்குதுப்பா. அஞ்சலை கோப்பு என்னாச்சு?"

"ஒரே ஒரு வரி சார். என்ன தொழிலுன்னு அந்தம்மா கைப்பட எழுதிக் குடுக்கட்டும். ஸ்தல விசாரணைக்கி ஆளு போயி தெருவுல நாலு பேரக் கேட்டுட்டு வந்துட்டா, முடிச்சுடலாம்."

"அதைத்தான்யா செய்யக் கூடாதுன்னு உத்தரவே சொல்லுது."

"உத்தரவு டெல்லியில இருக்குது சார். எனக்கு மேல இருக்கறவரு இங்க இருக்காரு."

அஞ்சலையிடம் இதைச் சொன்னேன். எழுதிக் கொடுத்தால் வேகமாக முடியும், கொடுக்காவிட்டால் இழுக்கும், முடிவு உங்களுடையது என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "வேணாங்கய்யா. அரிசிய நான் கடையில வாங்கிக்கறேன். அந்தப் பேப்பரு நான் செத்த பொறவும் அங்கியே கெடக்கும். எம்மவன் போயி எதுனா கேட்டு நின்னா, எடுத்துப் படிப்பாங்க."

என் மருமகனுக்கு இதிலெல்லாம் எளிய தீர்வு இருக்கிறது. "நம்ம ஊர்லயும் லீகல் பண்ணிடணும் மாமா. எல்லாரையும் ரிஜிஸ்டர் பண்ணி, கார்டு குடுத்து, மாசாமாசம் டெஸ்ட் பண்ணிட்டா பிரச்சனையே இல்ல." இங்கும் அங்கும் உள்ள படித்த நண்பர்கள் பலர் இதையே சொல்கிறார்கள், பண்பாடு கெட்டுவிடும் என்பவர்களைவிட இவர்கள் நல்லவர்கள் என்றும் நம்புகிறார்கள். பணிக்காலம் முழுக்கப் பதிவேடுகளோடு இருந்தவன் சொல்கிறேன், பெண்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். ஏறிய பெயர் இறங்குவதை நான் பார்த்ததில்லை. கடத்தி வருபவனையும் சிறுமியை விற்பவனையும் தண்டிக்கும் சட்டம் இருக்கட்டும், இன்னும் கடுமையாகவே இருக்கட்டும். வயது வந்த ஒருத்தி தானாகச் செய்வதில் சட்டம் கையை எடுத்துக்கொள்ளட்டும். அவளை அடித்தால் அவள் போலீஸ் நிலையத்தில் புகார்தாரராக உட்கார வேண்டும். அவள் மகன் அவள் சமைத்ததைச் சாப்பிட வேண்டும். இவ்வளவுதான் என் கோரிக்கை; இதற்கு உரிமமும் வேண்டாம், உரிமக் கட்டணமும் வேண்டாம்.

இந்த நாட்டைப் புகழ்ந்து முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஜேனட்டிடம் அஞ்சலையைப் பற்றிச் சொல்லி, இங்கே வந்தால் அவரும் உங்களைப் போல் இருக்கலாமோ என்று கேட்டபோது தலையை ஆட்டினார். தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு இந்தத் தொழில் கூடாது. தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடு என்று அவர் சொன்ன இடத்தில்தான் அஞ்சலைக்கு முகவரி இல்லை. தற்காலிக விசாவில் வேலிக்கு இந்தப்பக்கம் நிற்கும் எனக்கு, அந்த வேலி அன்று கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது.

பிறகு ஓய்வுபெற்றவன் செய்யக்கூடிய ஒரே வன்முறையைச் செய்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரே கேள்வி: மனுதாரரின் தொழிலை எழுத்தில் கேட்பது எந்த விதியின் கீழ்? ஓர் அலுவலகம் வாய்மொழியாக எத்தனை வருடமும் மறுக்கும். மறுப்பைக் கையெழுத்துப் போட்டுத் தரத்தான் யாரும் முன்வரமாட்டார்கள். என் கேள்விக்குப் பதில் வரவில்லை, மேல்முறையீடு செய்தேன். கலியபெருமாள் போனை எடுப்பதை நிறுத்தினார். நல்ல அறிகுறி.

ஒருநாள் விடிந்து எழுந்தால் அஞ்சலையின் குரல் செய்தி வந்திருந்தது. பின்னால் மேளம், மணிமுத்தாற்றுக்கு முழுகப் போகும் கூட்டத்தின் இரைச்சல், பஸ் ஹாரன். "ஐயா, கார்டு ஓகே ஆயிடுச்சின்னு மெசேஜ் வந்துருக்குதுங்க. எம்மவன் படிச்சிச் சொன்னான். எழுதியும் குடுக்கல, தெருவுக்கு ஒருத்தரும் வரல. நாங்க கோயிலுக்கு வந்துருக்கோம், போயிட்டு வரேங்க." உள்ளூர் விடுமுறை நாளில் அந்த ஊரில் வேலை செய்த ஒரே அரசு ஊழியர், குறுஞ்செய்தி அனுப்பும் கம்ப்யூட்டராகத்தான் இருக்கும்.

மனு நகலை எடுத்தேன். பதில் பெறப்பட்ட நாளை ஓரத்தில் குறித்துவைப்பது என் வழக்கம். ஜன்னலுக்கு வெளியே ஹாமில்டனில் மறுநாள் விடிந்து, ஜேனட் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டிருந்தார். விருத்தாசலத்தில் அந்த நாள் இன்னும் முடிந்திருக்கவில்லை. எந்த ஊர்த் தேதியைப் போடுவது? பிறகு எழுதினேன்: பதில் பெறப்பட்ட நாள், மாசி மகம்.