குசினிச் சுவரில் ஒரு ஓட்டை

பலேர்மோவில் நான் ஒரே ஒருவரைத்தான் மூக்கில் குத்தியிருக்கிறேன். அவர் என்னிடம் பொய் எதுவும் சொல்லவில்லை.

அங்கே பிரான்காச்சோ பகுதியில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டையே 2009 கடைசியில் வாங்குவதென்று முடிவெடுத்தோம். இரண்டு அறை, ஒரு குசினி, சுவரெல்லாம் ஈரம். இத்தாலியில் வீடு விற்பவர், அது எவ்வளவு எரிபொருள் தின்னும் என்று ஒரு பத்திரம் தர வேண்டும். ஏ என்றால் நல்ல வீடு, ஜி என்றால் ஆகக் கடைசி. ஜி என்று ஒத்துக்கொள்கிறவர் ஆள் பிடித்து அளக்கத் தேவையில்லை. தானே எழுதிக் கையெழுத்துப் போடலாம். கீழ்வீட்டில் இருந்த எங்கள் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, அப்படித்தான் எழுதித் தந்தார்.

என் மனைவி பணக்காரர் இருக்கும் லிபெர்த்தா தெருவில் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை செய்தாள். பத்திரத்தை அவரிடம் காட்டி விளக்கம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"சூடு நிக்காத வீடாம். ஆனா குசினிச் சுவரில இருக்கிற ஓட்டையை மட்டும் அடைக்கக் கூடாதாம். காஸ் எரியிறதுக்காக விட்டதாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருடம் பிறத்தியார் வீட்டுத் தரையைத் துடைத்து வாங்குகிற வீட்டுக்கு ஆகக் கடைசி எழுத்தா? நானே திருத்திக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினேன். கதவுக்கடியில் போர்வையைச் சுருட்டி வைத்தேன். கடைசியாக அந்தக் கையகல ஓட்டைக்குள் நான் வீட்டில் உடுத்த பழைய நீலச் சாரத்தைத் திணித்தேன். ஊரில் எங்கள் அடுப்படியில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே வானம் தெரியும். நாள் முழுக்க நெருப்பு எரிந்தாலும் கண் கரிக்குமே தவிர, ஒருவரும் செத்ததில்லை.

"இஞ்சருங்கோ, அதை எடுங்கோ. சிஞ்ஞோரா சொன்னவ எல்லே."

"இது சிஞ்ஞோராவின்ரை வீடோ, என்ரை வீடோ?"

கேட்டுக்கொண்டே கன்னத்தில் அறைந்தேன். கல்யாணம் முடித்த பிறகு அதுதான் முதல் தடவை. நான்கு வயது மகள் சோற்றுக் கோப்பையோடு பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதக் கை கூசுகிறது.

அடுத்த ஞாயிறு மழை. மனைவி அரை நாள் வேலைக்குப் போய்விட்டாள். குசினியில் காஸ் சிலிண்டர் ஹீட்டரைப் பற்றவைத்து, மகளுக்குச் சோறு ஊட்டி, அங்கேயே பாய் போட்டு இருவரும் படுத்தோம். வீடு முதல் தடவையாகச் சூடாக இருந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். தலை கொஞ்சம் வலித்தது.

பிறகு எனக்குத் தெரிந்தது கண்ணாடி உடைகிற சத்தம்தான். வேலையால் வந்த மனைவி தேங்காய் திருவலையைத் தூக்கி ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தாள். கை இரண்டிலும் இரத்தம்.

"எழும்படா! என்ரை பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டியேடா!"

அதுவரை அவள் என்னை 'டா' போட்டதில்லை. மகளை ஒரு கையில் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துப் போட்டாள். பிள்ளை துணிப்பொம்மை மாதிரிக் கிடந்தாள். மழைக்குள் வைத்து அந்தச் சின்னக் கன்னத்தில் மாறிமாறி அறைந்தாள். பிள்ளை வாந்தியெடுத்து, வீரிட்டு அழும் வரைக்கும் அறைந்தாள். நான் வாசற்படியில் தவழ்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

காற்றுப் போக வழியில்லாமல் எரிந்த காஸின் நச்சு, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் தொடங்கினார். முடிக்கவில்லை.

மகளுக்கு ஆபத்து நீங்கிய மறுநாள் நேரே கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். எனக்கும் ஒரு கோணல் மேடை தேவைப்பட்டது. வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "குழந்தை எப்படி?" என்று கேட்டு முடிக்கவில்லை, குத்திவிட்டேன். ஏதோ உடைந்தது கைக்குத் தெரிந்தது. ஆனால் அவருடையது பஸ் ஓட்டிய கை. என் சட்டைக் கழுத்தைப் பிடித்து, என் பின்மண்டை சுவரில் படும்படி இரண்டு தரம் மோதினார். பிறகு உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து என் நெஞ்சில் எறிந்தார். அதற்குள் நீலச் சாரம். அந்த ஞாயிறு வந்த தீயணைப்புக்காரர்கள் ஓட்டையிலிருந்து உருவி அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

"இது யாருடையது, என்னுடையதா?" என்றார். மூக்கு இரத்தம் வாய்க்குள் வழிந்தது. "மோசமான வீடு என்று எழுதித்தானே தந்தேன்."

அவர் குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் தலைமையகத்துக்கு, போயிருந்தால் இங்கே இருப்பதற்கான என் பெர்மெஸ்ஸோ அன்றோடு முடிந்திருக்கும். போகவில்லை. ஏனென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சில வாரம் கழித்து, கோணிய மூக்கோடு வந்து விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். கை குலுக்கவில்லை.

வீட்டுக்கு நல்ல ஜன்னல்கள் போட்டாயிற்று. மகள் சுகமாக இருக்கிறாள். நான் அறைந்ததைப் பற்றியோ, அந்த ஞாயிறைப் பற்றியோ மனைவி என்னோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் வாயெடுத்தேன், எழுந்து போய்விட்டாள். ஆனால் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பைப் போட்ட பிறகும் திரும்பிக் குசினிக்குள் போவாள். ஓட்டைக்கு நேரே உள்ளங்கையை வைத்து, காற்று வருகிறதா என்று பார்ப்பாள். அதன்பிறகுதான் மகளை என்னோடு விட்டுவிட்டுப் போவாள்.