ஆம்பூரில் வேலை செய்த ஜெல்

பின்லாந்துக்கு வந்த புதிதில், பேராசிரியருக்கு என்மேல் கோபம் என்றே நினைத்திருந்தேன். தினமும் காப்பி அறையில் எதிரெதிரே உட்கார்ந்து இருபது நிமிடம் குடிப்போம். ஒரு வார்த்தை வராது. ஏதாவது தப்பு செய்துவிட்டேனா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் திகைத்துப்போய், "நன்றாகத்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்?" என்றார்.

மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸை ஜெல்லாக்கி, ஆறாத புண்களுக்குப் பயன்படுமா என்று பார்ப்பது எங்கள் ஆய்வு. கண்ணாடி மாதிரி அழகான ஜெல். ஆனால் உடம்பின் செல்கள் அதில் ஒட்டாமல் உருண்டு மிதக்கும். அவை பற்றிக்கொள்வதற்காகப் பெப்டைடு என்ற சிறு புரதத் துணுக்கை அதில் சேர்ப்பது என் வேலை. சேர்த்தால் ஒரு வாரம் ஒட்டும்; மறுவாரம் ஒட்டாது.

விடுமுறைக்கு ஆம்பூர் போனபோது, நான் படித்த கல்லூரிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு குப்பி கொண்டுபோனேன். பெப்டைடு சேர்க்காத வெறும் ஜெல். ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மாவின் தம்பி சாமுவேல் மாமா ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். சர்க்கரை வியாதி, பாதத்தில் இரண்டு மாதப் புண். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "ஷிப்மென்ட் போவட்டும்" என்பார். மூன்றாம் நாள் காலையில் குப்பி பாதி காலி.

"மாமா, இத இன்னா பண்ணீங்க?"

"புண்ணுக்குத்தானே செய்றே? போட்டுக்கினேன். ஜில்லுனு இருக்குது."

"அய்யோ, அது மருந்தே இல்ல மாமா. சுத்தம் பண்ணாத சாம்பிள்!"

"சுத்தமில்லாததயா மாவு பக்கத்துல வெச்சே?"

ஐ.எஸ்.டி. பூத்துக்கு ஓடிப் பேராசிரியரை அழைத்தேன். "எலிகளுக்கே இன்னும் அனுமதி வரவில்லை. உன் மாமாவிடம் கையெழுத்தாவது வாங்கினாயா?" என்றார். பிறகு, "கழுவு. மருத்துவமனை" என்று வைத்துவிட்டார்.

அன்றே மாமாவை வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். டாக்டர் திட்டினார், புண்ணைச் சுத்தம் செய்தார், மாத்திரையை மாற்றினார், காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார். சில வாரங்களில் புண் மூடத் தொடங்கியது. அடுத்து வந்த ஞாயிறே மாமா சர்ச்சில் எழுந்து சாட்சி சொன்னார்: "எங்க அக்கா பொண்ணு மரத்துலேர்ந்து எடுத்த மருந்தால கர்த்தர் என் கால காப்பாத்துனாரு!"

ஆராதனை முடிந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டு ஒரு கூட்டமே என்னைச் சூழ்ந்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகவே இருந்தது. பின்லாந்தில் என் ஜெல்லுக்காக யாரும் காத்திருந்ததில்லை. அப்போது, மாமாவின் கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ரோஸி அக்கா, கறுத்துப்போன கால்விரலைக் காட்டினார்.

"வேலூர்ல வெரல எடுக்கணும்னாங்கமா. நான் போகல. உங்க மாமா கம்பெனில சொல்லிக்கினு இருந்தாரு, உன் மருந்து இருக்குதேன்னு உட்டுட்டேன்."

சர்ச் படியில் ஏறி எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்: "அது மருந்தில்ல! மாமா கால ஆத்துனது ஆஸ்பத்திரி. இந்த ஜெல்லுல ஒரு செல்லுகூட ஒட்டாது!"

மாமாவின் முகம் செத்துப்போனது. மறுநாள் ரோஸி அக்காவோடு வேலூருக்குப் போனேன். விரல் போயிற்று, பாதம் தப்பியது. மாமா மட்டும் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

நான் கிளம்பும் நாளில் பஸ் ஸ்டாண்டுக்கு நொண்டிக்கொண்டே வந்து, ஒரு பெட்டியை என் மடியில் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"அங்க பனி ஜாஸ்தியாமே. எக்ஸ்போர்ட் பீஸு. அடுத்த தபா வரும்போது ஒட்டுற ஜெல்லா எடுத்துனு வா."

உள்ளே கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ். பக்கவாட்டில் ஏதோ இத்தாலியப் பெயர்.

பின்லாந்துப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மூதாட்டி அதைப் பார்த்துவிட்டு, அதிசயமாக, தானே பேசினார். "இத்தாலியில் வாங்கியதா?"

"இல்லை, ஆம்பூர்."

"ஓ, ஆம்பூர்! இத்தாலியில் அந்தப் பக்கமெல்லாம் நல்ல வெயில் அடிக்குமே" என்றார், தெரிந்தவர்போல.

வெயில் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, ஒரு சைஸ் பெரிதான பூட்ஸில் இரண்டு ஜோடி சாக்ஸ் திணித்த கால்களோடு, பேருந்து வரும்வரை பனியில் நின்றிருந்தேன்.