ஆத்தா வாங்க மறுத்த தண்ணீர்

மாரியாத்தாவை நம்புகிற அக்கா தங்கச்சிகளே, நான் கோபக்காரி. அவளிடமும் சண்டை போட்டுத்தான் கேட்டேன். அவள் தந்த பதிலை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். நடவுக்குப் போய்த்தான் என் பிழைப்பு. போன ஆனியில், குறுவை நடவு தொடங்கும் நேரம் பார்த்து, இரண்டு கையிலும் தடிப்பு வந்தது. முதலில் அரிப்பு, பிறகு கொப்புளம், பிறகு தோல் வெடித்து நீர் கசிந்தது. சோறு பிசைய முடியவில்லை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கவரிங் வளையல் என்றாள் ஒருத்தி. கழற்றி எறிந்தேன். பாத்திரம் தேய்க்கிற சோப்பு என்றாள் இன்னொருத்தி. சாம்பலுக்கு மாறினேன். டவுன் டாக்டர் கையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. களிம்பு எழுதினார். எதனால் என்று கேட்டால், "அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்மா" என்றார். அதில் ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை அந்த மனுஷனுக்கு!

என் மாமியார், "ஆத்தா வந்து எறங்கியிருக்கா. ஊசி கீசி போட்டீன்னா இன்னும் கோவிச்சுக்குவா" என்றார். கொல்லையில் ஒரு நீல டப்பாவில் வேப்பிலையும் மஞ்சளும் ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றிக் காலையும் மாலையும் கையை முக்கினேன். எரிந்தது. எரிந்தால்தான் ஆறும் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

நடவுக்கு ஆள் சேர்க்கும் பாக்கியம் ஒருநாள் வரப்பிலேயே என்னை நிறுத்தினாள். "கையப் பாத்தாலே பயமா இருக்குடி. மத்தவங்களுக்கும் ஒட்டிக்கும். நீ வீட்டுக்குப் போ." பதினைந்து வருஷம் என் பக்கத்தில் குனிந்து நட்டவள்!

ஆடி மூன்றாம் வெள்ளி. எங்கள் ஊரில் பெண்கள் வீட்டிலிருந்து மஞ்சள் தண்ணீர் கொண்டுபோய் ஆத்தாளுக்கு ஊற்றுவோம். குடம் பிடிக்க என் விரல் மடங்கவில்லை. அந்த நீல டப்பாவைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, கயிறு கட்டி முழங்கையில் மாட்டிக்கொண்டு போனேன்.

சன்னதியில் நின்று கத்தினேன். "உனக்குக் கண்ணு இல்லியாடி? ரெண்டு வேளையும் உன் பேரச் சொல்லித்தானே கைய முக்குறேன்? என் கையக் குடு, இல்லன்னா உசிரையும் எடுத்துக்க!" வரிசையே திரும்பிப் பார்த்தது.

பூசாரி முருகையன் அண்ணன் வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தார், குனிந்து மோந்தார். "இது களைக்கொல்லி டப்பால்ல? இதுலயா ஆத்தாவுக்குத் தண்ணி கொண்டாந்தே? அவ மேனி வெந்துபோயிடாது? எடுத்துட்டுப் போ!"

"நாலு தடவ கழுவுனதுண்ணே!" என்று எகிறினேன். சொல்லும்போதே உறைத்தது. ஆத்தா மேனி வேகும் என்றால் என் கை என்ன கல்லா? மருந்து அடித்த வயலிலிருந்து, நல்ல டப்பாவாயிற்றே என்று ஆனி பிறந்ததும் தூக்கிவந்தவளே நான்தான். கை கால் கழுவியது, குளித்தது, வேப்பிலை ஊறப் போட்டது எல்லாம் அதில்தான். கூறுகெட்டவள்! யாரையெல்லாம் திட்டினேனோ, எல்லாரையும்விட என் மேல்தான் ஆத்திரம் வந்தது.

மறுநாளே டப்பாவோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா, "பெரும்பாலும் இதாம்மா காரணம். இத இனிமே தொடாதீங்க" என்று வேறு களிம்பு தந்தார். ஆவணி முடிவதற்குள் புதுத் தோல் வந்துவிட்டது. புரட்டாசியில் சம்பா நடவு. பாக்கியம் ஒரு நாற்று முடியை என் பக்கம் தள்ளினாள். வாங்கி நட்டேன். அவள் மேல் கோபம் இன்னும் இருக்கிறது.

அதற்காக அவள் வீட்டுக்குப் போகாமல் இல்லை. அவள் குளியலறையிலும் அதே நீல டப்பா. அரிவாளால் அடியில் கொத்தி ஓட்டை போட்டேன். இப்படி எங்கள் தெருவில் மட்டும் ஏழு.

உங்களுக்கும் கஷ்டம் வந்தால் ஆத்தாவிடம் போங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே போங்கள், அவள் தாங்குவாள். அன்றைக்கு அவளைத் திட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் தினமும் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுகிறேன். அன்று அந்தத் தண்ணீரை அவள் வாங்கிக்கொண்டிருந்தால், கும்பிட எனக்குக் கை இருந்திருக்காது.