ஏகாம்பரம் பேசாமல் இருந்த மாலை

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் மத்தியான ஷிப்டுக்குக் கேஜ் என்ற கூண்டு லிப்டில் இறங்க வரிசையில் நின்றிருந்தோம். டைம் ஆபீஸ் குமாஸ்தா வெளியே வந்து, ஆஸ்பத்திரியில் ஏகாம்பரம் காலையில் போய்விட்டார் என்று சொன்னார். நுரையீரலில் கல் தூசி படிந்து இரண்டு வருடமாக மூச்சுக்குத் தவித்தவர். எதிர்பார்த்த செய்திதான். ஆனால் எனக்குப் பின்னால் நின்ற ஓர் இளைஞன், "யாரு, சினிமாவ நிறுத்தனாரே அவரா?" என்று கேட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

எனக்குத் தலை குனிந்துவிட்டது. அவரோடு பதினெட்டு வருடம் பூமிக்கடியில் வேலை செய்தவன் நான். ஊர் அவரைப் பற்றிப் பாதிக் கதையை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது. அவரை அறிந்தவர்கள் மீதியையும் அறிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏகாம்பரம் டிம்பர்மேன். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை. மேலே வந்துவிட்டால் அவர் பேச்சாளர். பாலகாட் தொழிலாளர் லைன் வீடுகளில் தண்ணீர் வராவிட்டால், யாருக்காவது லீவு மறுக்கப்பட்டால், பேட்டை பஜாரில் மேஜை போட்டு ஏறிவிடுவார். தமிழில் தொடங்கி, தெலுங்கில் கிண்டல் செய்து, கன்னடத்தில் முடிப்பார். "வாயில்லாதவனுக்கு நாமதான் வாயி" என்று அடிக்கடி சொல்வார். அதை அவர் மனதார நம்பினார்.

அவருக்கு ஒரே தம்பி, கன்னியப்பன். ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுபவன். திக்குவாய். அவன் ஒரு சொல்லைத் தொடங்கினால் அண்ணன் அதை முடித்து வைப்பார். கடையில் பீடிக்கட்டு கேட்பதிலிருந்து டாக்டரிடம் நோவைச் சொல்வது வரை அப்படித்தான். அதை நாங்கள் பாசம் என்றே நினைத்தோம்.

அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்தப் படம் எங்கள் ஊருக்கு வந்தது. கதாநாயகன் ஒரு திக்குவாய் தபால்காரன். பேசினால் திக்கும், பாடினால் திக்காது. அதனால் கத்தரிக்காய் விலையைக்கூடப் பாட்டாகத்தான் கேட்பான். மூச்சு விடாமல் பேசும் ஒரு பெண் அவனை விரும்புவாள். கடைசிக் காட்சியில் ஓடும் பஸ்ஸில் அவன் எழுந்து, பாடாமல், தன் வாயாலேயே அவளைக் கல்யாணத்துக்குக் கேட்பான். டிரைவர் இஞ்சினை அணைத்துவிட, அவன் சொல்லி முடிக்கும்வரை பஸ் முழுக்கக் காத்திருக்கும்.

படம் ஊரை இரண்டாகப் பிளந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். சிலர் காசு போச்சு என்று பெஞ்சை உதைத்தார்கள். டீக்கடைகளில் அதே பேச்சு. எனக்குப் படம் பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்காது. தபால்காரன் பாடிக்கொண்டே திரிந்தால் தபால் எப்போது போய்ச் சேரும்?

ஏகாம்பரம் படத்தைப் பார்க்கவில்லை. திக்குவாயை வைத்துச் சிரிக்கிறார்கள் என்று யாரோ சொன்னது அவருக்குப் போதும். மறுநாளே பஜாரில் ஏறினார். அன்று அவர் பேசியதுபோல் அதற்கு முன் பேசியதில்லை. நடுவில் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தம்பியைக் கை நீட்டிக் காட்டினார். "அதோ நிக்கிறான் என் தம்பி. ஒரு பேச்சு முழுசா பேச முடியாதவன். அவனப் பாத்தா உங்களுக்குச் சிரிப்பு வருதா?" என்றார். எல்லாத் தலைகளும் திரும்பின. கன்னியப்பன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றான். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. கூட்டம் அப்படியே கொட்டகைக்குப் போனது. கலாட்டாவுக்குப் பயந்த முதலாளி அன்றைக்கே படத்தை நிறுத்திவிட்டார்.

அந்த வாரமே பக்கத்துச் சுரங்கமான நந்திதுர்க்கிலிருந்து ஆள் வந்தது. அங்கே ஒரு வீட்டில் கன்னியப்பனுக்குப் பெண் பார்த்து, பேசி முடிக்கும் நிலையில் இருந்தது. மாப்பிள்ளைக்குத் திக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால், பேச முடியாதவன் என்று கூடப்பிறந்த அண்ணனே மேஜை ஏறிச் சொன்ன பிறகு, நாலு பேர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று பெண்ணின் அப்பா சொல்லியனுப்பினார்.

ஏகாம்பரம் தம்பியைத் தேற்றப் போனார். நானும் கூட இருந்தேன். கன்னியப்பன் அந்தப் படத்தை இரண்டு முறை பார்த்திருந்தான் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவன் பேசத் தொடங்க, அண்ணன் வழக்கம்போல் நடுவில் புகுந்தார். அவன் கையை உயர்த்தித் தடுத்தான். பிறகு நின்று நின்று சொன்னான்: "ப... படம் என்ன அசிங்கப்படுத்தலண்ணா. நீ... நீதான் படுத்தின."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு மூவரும் ரயிலேறிப் பங்காருப்பேட்டை போனோம். படம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கத்தரிக்காய்ப் பாட்டில் அவரை மீறிச் சிரித்துவிட்டார். பக்கத்தில் தம்பியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கடைசிக் காட்சியில் பஸ் நின்றது. தபால்காரன் திக்கினான். பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அந்த வாக்கியத்தை முடித்து வைக்க அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். தம்பி சோடா வாங்கப் போயிருந்தான். "இத்தினி வருஷத்துல இவன் ஒரு பேச்ச முடிச்சி நான் கேட்டதே இல்லடா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் பேட்டை பஜாரில் மறுபடி மேஜை போடச் சொன்னார். நான் வேண்டாம் என்று தடுத்தேன். ஊர் சிரிக்கும் என்றேன். சிரித்தது. படம் பார்க்காமலே பேசினேன், தம்பியைக் கேட்காமல் அவன் பெயரில் பேசினேன், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று மூன்றே வாக்கியம் சொன்னார். மேலே என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். அவர் வார்த்தைக்குத் தடுமாறி நாங்கள் பார்த்ததில்லை. ஒருவன் அவரைப் போலத் திக்கிக் காட்டினான். அவர் மேஜையை விட்டு இறங்கினார். கொட்டகை முதலாளியிடமும் போய் மன்னிப்புக் கேட்டு, படத்தை மறுபடி போடச் சொன்னார். பிரிண்ட் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. அந்தப் படம் எங்கள் ஊருக்குத் திரும்பவே இல்லை.

பிறகு ஒரு மாலை நந்திதுர்க் போனோம். பெண்ணின் அப்பா மரியாதையாக உட்கார வைத்தார். ஏகாம்பரம் ஒன்றும் சொல்லவில்லை. கன்னியப்பன்தான் பேசினான். பெண்ணைத் தனக்குப் பிடித்திருக்கிறது, தன் சம்பளத்தில் குடும்பம் நடக்கும், தான் சொல்ல நினைப்பதைத் தன்னால் சொல்ல முடியும் என்றான். கொடுத்த காபி ஆறிப்போகும்வரை ஆயிற்று. ஒரு சொல்லில் அவன் ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டபோது பெண்ணின் அப்பா அதை எடுத்துக்கொடுக்கப் பார்த்தார். ஏகாம்பரம் கையெடுத்துக் கும்பிட்டு அவரைத் தடுத்தார். நெற்றி வியர்த்து, கழுத்து நரம்பு புடைத்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவருக்கு அன்று தூக்கிய பாரம் எந்த மரத்தைவிடவும் கனமாக இருந்திருக்கும்.

பெண்ணின் அப்பா முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, வேறு இடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். திரும்பி நடக்கும்போது ஏகாம்பரம் அழுதார். கன்னியப்பன் அழவில்லை. "நா... நானே கேட்டேன்ல" என்றான்.

இரண்டு வருடம் கழித்து அவனுக்குக் குப்பம் என்ற ஊரிலிருந்து பெண் வந்தது. பெண் பார்க்கப் போனபோது அண்ணன் கூடப் போகவில்லை. போக மறுத்துவிட்டார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். மூச்சு வாங்கியதால் சொல்லுக்குச் சொல் நின்றுதான் பேசினார். அந்தப் பழைய கதையை இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், விட்டுத் தள்ளுங்கள் என்றேன். "வெக்கம்... போயிட்டா... மறுபடி மேஜ மேல... ஏறிடுவேன்டா" என்றார். அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

பார்த்த பிறகு அவருக்குப் படம் பிடித்துவிட்டது; அந்த விஷயத்தில் அவரோடு கடைசிவரை எனக்கு ஒத்துப்போகவில்லை. அது சுமாரான படம்தான். ஆனால் பஜார் நடுவில் நின்று வெட்கப்படுகிறேன் என்று சொன்ன வேறொருவரை நான் பார்த்ததில்லை. இப்போது நானும் தொழிற்சங்கக் கூட்டங்களில் பேசுகிறேன். யாருக்காகவாவது பேச எழுந்தால், முதலில் சம்பந்தப்பட்டவரிடம் போய், பேசட்டுமா என்று கேட்கிறேன். சிலர் வேண்டாம் என்கிறார்கள். உட்கார்ந்துவிடுகிறேன். ஏகாம்பரம் அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான்.