கனடா எஞ்சினுக்கு எது முன்பக்கம்?

மிக்ஸி ரிப்பேர் செய்யும் அந்தப் பெண்ணைத் தெருவில் எல்லோரும் மோட்டார் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் தண்ணீர் பம்பு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது, அவர் நடத்திவந்த கடையை மூட மனமில்லாமல் அவள் எடுத்துக்கொண்டாள். காயில் சுற்றுவாள், கார்பன் பிரஷ் மாற்றுவாள். கருகிய வாசனையை மோந்தே என்ன போயிற்று என்று சொல்லுவாள். பாதி நேரம் சரியாக இருக்கும். வலது இடதுதான் அவளுக்குப் பிறவிக் குழப்பம். வாடகைக் காரில் போகும்போது "ரைட்டு" என்று சொல்லி இடது கையை நீட்டுவாள். "எங்கம்மா சொல்றதக் கேக்காதீங்க, கையை மட்டும் பாருங்க" என்று மகள் டிரைவரை எச்சரிப்பாள்.

ஒருநாள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் துண்டில் சுற்றிய ஒரு பொருளை மேசைமேல் வைத்தார். பிரித்தால் ரயில் எஞ்சின். கையகலம்தான், ஆனால் நல்ல கனம். டிரைவர் அறைக்கு ஒரு பக்கம் குட்டை மூக்கு, மறுபக்கம் நீள மூக்கு.

"கனடா டீசல் எஞ்சினோட மாடல். அப்பா அங்க வேலை பாத்துட்டுத் திரும்பி வரும்போது வாங்கினது. இப்ப பின்னாடியே ஓடுது. நீள மூக்குதான் முன்னால போகணும்."

"திருப்புறதுக்கு சுவிட்ச் இல்லையா சார்?"

"சுவிட்ச் இருந்த பெட்டி எரிஞ்சு போச்சு. வெறும் அடாப்டரைத் தண்டவாளத்துல மாட்டித்தான் ஓட்டுறோம்."

மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்தாள்.

சில நாள் கழித்து டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருவர் வந்தார். அவர் கையிலும் அதேபோல் ஓர் எஞ்சின்.

"பின்னாடியே ஓடுதுங்க. குட்டை மூக்கு முன்னால வரணும். ஓட்டுறவனுக்குப் பாதை தெரிய வேணாமா?"

ஊரில் எல்லோருக்கும் ஒரே பைத்தியமா என்று நினைத்தபடி அவள் மூடியைக் கழற்றினாள். "யாரோ இதுல ஏற்கெனவே கை வச்சிருக்காங்க சார். சுமாரான வேலை" என்று சொல்லிவிட்டு ஒயரை மாற்றினாள்.

மறுவாரம் கண்ணாடிக் கடைக்காரர் மறுபடி வந்து நின்றார். "என்னங்க, சரி பண்ணது பழையபடி ஆயிடுச்சே!"

எஞ்சினை வாங்கி வைத்துக்கொண்டாள். வீட்டில் கேட்டதற்குக் கணவர், "நீ மூக்கை மாத்தியிருப்ப" என்றார் சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல். அவள் திரும்பவும் மாற்றினாள். இந்த முறை மகளைப் பக்கத்தில் நிறுத்தி, "இதுதானே நீளம்?" என்று கேட்டுக்கொண்டாள். எஞ்சினின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டும் வைத்தாள்.

அடுத்து டிரைவிங் மாஸ்டர் கொண்டுவந்ததைக் கவிழ்த்துப் பார்த்தால், அதே பொட்டு.

"சார், இது யாருது? உண்மையச் சொல்லுங்க."

மாஸ்டரின் முகம் தொங்கிப்போனது. "கண்ணாடிக் கடைக்காரர் என் அண்ணன்தாங்க. அவர் கீழ் வீடு, நான் மாடி. அப்பா போனதிலேருந்து பேச்சு வார்த்தை இல்ல. அவர் கடைக்குப் போனதும் நான் எடுத்துட்டு வருவேன். அப்பா ஓட்டினப்போ குட்டை மூக்குதான் முன்னால வரும், என் கண்ணால பாத்திருக்கேன்."

"அவரும் அவர் கண்ணாலதானே பாத்திருப்பாரு!"

கோபத்தில் கடையைச் சாத்திவிட்டு, சாயங்காலம் எஞ்சினோடு அவர்கள் வீட்டுக்கே போனாள். சாப்பாட்டு மேசையில் வட்டமாகத் தண்டவாளம் போட்டிருந்தது. ஒரு பக்கம் அண்ணனும் அவர் மனைவியும், எதிர்ப்பக்கம் தம்பி. எஞ்சினை வைத்தாள். நீள மூக்கு முன்னால் போனது. அண்ணன் முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

"ரெண்டு பேரும் ஒரே எஞ்சினை வச்சுக்கிட்டு என் உசுர வாங்கறீங்க! இந்தப் பொட்டைப் பாருங்க" என்று அதைத் தூக்கிக் காட்டிவிட்டு, படபடப்பில் திரும்ப வைத்தாள். இப்போது குட்டை மூக்கு முன்னால் போனது.

"ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலயே!"

"நீங்க திருப்பி வச்சீங்க" என்றாள் அண்ணி. எழுந்து வந்து எஞ்சினைத் தூக்கி மறுபக்கமாக வைத்தாள். நீள மூக்கு. இன்னொரு தடவை திருப்பினாள். குட்டை மூக்கு. கரண்டு தண்டவாளத்திலிருந்து வந்ததால், எப்படி வைத்தாலும் அது ஒரே திசையில்தான் சுற்றியது. எந்த மூக்கு முன்னால் என்பது வைக்கிற கையைப் பொறுத்தது.

"அப்ப நான் மாத்தி மாத்திப் பத்தவச்ச ஒயரெல்லாம் எதுக்கு?" என்று கேட்டாள் மோட்டார் அக்கா.

அண்ணன் நேராகத் தம்பியைப் பார்த்தார். "அப்பா எந்தப் பக்கமாடா வைப்பாரு?"

"குட்டை மூக்குதான்."

"பொய் சொல்லாத. நீ அப்ப கைக்குழந்தை."

சத்தம் கூரையைப் பிய்த்தது. அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நழுவினாள்.

ஒரு மாதம் போனது. அண்ணி தன் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"பேசாம இருந்தவங்க இப்ப பேசுறாங்க. பேச்சுன்னா எல்லாம் சண்டைதான், காது கிழியுது. ஆனா மாடியிலேருந்து தினமும் இறங்கி வந்துடறாரு, இவரும் அவர் வர்ற வரைக்கும் சாப்பிட மாட்டேங்கறாரு. நீங்க பண்ணது நல்லதா கெட்டதான்னே எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியலீங்க" என்றாள் மோட்டார் அக்கா, மிக்ஸியை மோந்து பார்த்தபடி.